மூடிக்காரர் வீட்டு மழைத் தண்ணி

அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். தெருவுக்குத் தெரிந்தது ஒருவரைத்தான். இரண்டாவது ஆள் இருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மனிதர் இரண்டரை வருஷம் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார். கடைசியில் அது தெரியவந்தது என் கையெழுத்தால்.

அவருக்கு முறையான பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. குடிநீர் ஆபீசில் எல்லாருக்கும் அவர் மூடிக்காரர். முப்பத்தொரு வருஷம் மீட்டர் ரீடர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னக் குழி, அதற்குள் மீட்டர். மூடியைத் தூக்க அவரே கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து வைத்திருந்தார். கொக்கியை மாட்டித் தூக்குவார், வலது முட்டியை ஊன்றி உட்காருவார், கட்டை விரலால் கண்ணாடியைத் துடைப்பார், எண்ணைக் குறிப்பார், மூடியைச் சத்தமில்லாமல் இறக்குவார். ஒரு நாளைக்கு நூற்றிருபது மூடி. எல்லாப் பேன்டிலும் வலது முட்டியில் மட்டும் ஒட்டுப் போட்டிருக்கும்.

"குழிக்குள்ள கரப்பான் இருந்தா வீட்டுல ஆள் இருக்குன்னு அர்த்தம். தவளை இருந்தா குழாய் ஒழுகுதுன்னு அர்த்தம். பாம்பு இருந்தா சராசரி போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடணும்" என்பார். இதைச் சொல்லிவிட்டு எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை அவர் சிரிக்காமல் நிற்பார்.

எண்ணைப் பார்த்தே வீட்டைச் சொல்வார். "மூணு யூனிட் கூடியிருக்கே, மக பிரசவத்துக்கு வந்திருக்காளாம்மா?" என்று கேட்டால் உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் வரும். கூடியிருந்தால் மட்டும்தான் கேட்பார். ஒருமுறை டீ குடிக்கும்போது யாரோ அவரிடம், "குறைஞ்சிருந்தா ஏன் கேக்க மாட்டீங்க?" என்றார்கள்.

"கூடினா விருந்தாளி. குறைஞ்சா என்னன்னு நமக்குத் தெரியாது. கேக்கக் கூடாது" என்றார்.

அவர் மனைவிக்குத் தெருவில் மைக்கக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷம் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அந்தக் குரல் தொடங்கினால், ஓடுகிற ஆளும் ஒரு நொடி நின்றுவிட்டு ஓடுவான் என்று சொல்வார்கள். வீட்டிலும் அதே குரல்தானாம். "கனிவான கவனத்திற்கு, சோறு ஆறிக்கிட்டிருக்கு, இன்னும் அஞ்சு நிமிஷத்துல புறப்படும்" என்று அவர் சமையலறையிலிருந்து அறிவித்தால், எதிர் வரிசையில் சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டுச் சிரிப்பாராம். சலூன்காரரும் மூடிக்காரரும் ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடுகிறவர்கள்.

பக்கவாதம் வந்தபோது மைக்கக்கா வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு மாதம் அங்கேயே ஆஸ்பத்திரி. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. குரல் போகவில்லை, வந்தது. ஆனால் வந்தது வார்த்தையாக இல்லை. வாய் வழியாக முதல்முதல் அந்தச் சத்தம் வெளியே வந்த அன்று, அவரே அதைக் கேட்டுவிட்டு இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாராம். அதற்குப் பிறகு பேசவில்லை. இடது கையால் ஒரு தாளில் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார்: 'என்னை யாரும் பார்க்கக் கூடாது. கேட்கக் கூடாது.'

மூடிக்காரர் அதற்குத் தலையாட்டினார். ஒரு வேனில், தெரு எழுந்திருக்கும் முன்பே, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தெருவில் கேட்டவர்களிடம், "மக விட மாட்டேங்குறா, அங்கேயே இருந்துட்டா" என்றார். வார்டு மாற்றிக் கேட்டு, தன் வீடு நடுவில் வருகிற மாதிரி சுற்று வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதோ காகிதத்தை மறந்த மாதிரி வீட்டுக்குள் போய் வருவார். "அண்ணனுக்கு ஞாபக மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று ஆபீசில் கிண்டல் செய்தார்கள்.

அந்த மாதமே தண்ணீர்த் தட்டுப்பாடும் வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். அளவைத் தாண்டினால் ஒரு வாரம் இணைப்பைத் துண்டிப்போம். வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாரும் எழுதிக் கொடுக்க வேண்டும். மூடிக்காரர் 'ஒருவர்' என்று எழுதினார். வேறென்ன எழுதுவார்? இரண்டு என்று எழுதினால் அந்த இரண்டாவது ஆள் யார் என்று அவரோடு டீ குடிப்பவர்களே கேட்பார்கள்.

படுக்கையில் இருக்கிறவருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். குடிக்க ஒரு சொம்பு போதும். துணி, விரிப்பு, கழிவறை என்று கணக்குப் பார்த்தால் மூன்று ஆளுக்கான தண்ணீர். ஒரு ஆளுக்கான அளவை வைத்துக்கொண்டு அந்த வீட்டை நடத்த அவருக்கு வானத்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

மொட்டை மாடிச் சரிவில் இறங்கும் குழாயை மடக்கி, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஒன்பது டிரம்களை வரிசையாக வைத்தார். அடியில் அரை இஞ்சுக் குழாயால் ஒன்றோடொன்று கோத்தார். ஒன்று நிறைந்தால் ஒன்பதும் ஒரே மட்டத்தில் நிற்கும். கொசு போகாமல் வாயில் வலை கட்டினார். மழை தொடங்கியதும் முதல் கால் மணி நேரத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும், பறவை எச்சமும் தூசியும் அதில் கழுவிப் போனபிறகுதான் அடைப்பை மாட்டுவார். மழைக்கால ஆபீஸ் நேரத்தில் வானம் கறுத்தால் போதும், கொக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். "வடாம் காயப்போட்ட மாதிரி ஓடுறாரு பாரு" என்பார்கள். டிரம் தண்ணீர் கழிவறைக்கும் துணிக்கும் போனது. துணி அலசிய தண்ணீர் தோட்டத்துக்குப் போனது. மீட்டர் வழியாக வந்த ஒரு ஆள் தண்ணீர் முழுவதும் அவர் மனைவிக்கு. அவர் காலையில் ஆபீசுக்கு வந்து, பின்னால் மோட்டார் ரூம் பக்கத்துக் குழாயில் குளித்தார்.

"வீட்டுத் தண்ணியை மிச்சம் பிடிச்சு என்னண்ணே பண்ணப் போறீங்க, மகளுக்குச் சீர் குடுக்கப் போறீங்களா?" என்று நானே ஒருநாள் கேட்டிருக்கிறேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆமா சார், டேங்கர்ல வச்சு அனுப்பணும்" என்றார். அவரைவிட முப்பத்திரண்டு வயது இளையவன் நான். எனக்கு சார் போடுவார். நான் உதவி ஆய்வாளர், அவர் ரீடர்.

நான் அந்த வேலையில் சேர்ந்து எட்டு மாதம். எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், ஏன் எங்கள் ஊரிலேயே எங்கள் பக்கத்து ஆட்களில் முதல் பட்டம் நான். எங்கள் ஊரில் மீட்டர் கிடையாது, வரிசைதான் உண்டு. அந்த வரிசையில் அம்மா எத்தனையாவது ஆளாக நிற்பாள் என்பது எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடும். தண்ணீரை அளந்து, எழுதி, சரியாகப் பங்கு வைக்கிற ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது எனக்குச் சாதாரண விஷயமாக இல்லை. கையெழுத்துப் போடும்போதெல்லாம் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்தே போட்டேன்.

புகார் எழுதியவர் சலூன்காரர். அதற்கு முன்கதை உண்டு. சலூனில் அளவு தாண்டியிருந்ததை மூடிக்காரர் உள்ளபடி எழுதிவிட்டார். ஒரு வாரம் இணைப்பு போனது. கேரம் நின்றது. புகார்க் கடிதம் இப்படி இருந்தது: 'எனது கடையில் கிராக்கியின் தலையை நனைக்கத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டு மீட்டர்காரர் தோட்டத்தில் சூரியகாந்தி ஆள் உயரம் நிற்கிறது. அவர் வீட்டு மீட்டரை அவரே எழுதுகிறார். சூரியகாந்தி என்ன காற்றைக் குடித்தா வளர்கிறது என்பதை அய்யா அவர்கள் விசாரிக்க வேண்டுகிறேன்.'

எங்கள் மேலதிகாரி கண்ணாடி சார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்க அதைத் தேடுவதால் அந்தப் பெயர். கடிதத்தை என்னிடம் தள்ளினார்.

"போய்ப் பார்த்துட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுய்யா. 'நேரில் பார்த்தேன், முறைகேடு இல்லை.' அவ்வளவுதான். நல்ல மனுஷன், ஏழு மாசத்துல ரிட்டயர்டு ஆகப் போறாரு."

"பார்க்கறதுக்கு முன்னாடியே முறைகேடு இல்லைன்னு எப்படி சார் சொல்றீங்க?"

"படிச்ச புள்ளைய அனுப்பினா இதான் தொல்லை. சரி, பார்த்துட்டே எழுது."

முற்பகலில் போனேன். மூடிக்காரர் கேட்டைத் திறந்தார். கையில் ஈரம். முதலில் மீட்டரைக் காட்டினார், தானே கொக்கி போட்டுத் தூக்கி, தானே விலகி நின்றார். முத்திரை சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தது. பிறகு சந்துக்குக் கூட்டிப்போய் டிரம்களைக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் இருந்ததைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒன்பதையும் தட்டிப் பாருங்க சார், ஒரே சத்தம் கேக்கும். ஒரே மட்டம். மூணு வாரத்துக்கு ஒரு மழை வந்தாப் போதும், தாக்குப் பிடிச்சுடுவேன். சலூன்காரன் கேட்டிருந்தா அவனுக்கும் வச்சுக் கொடுத்திருப்பேன். கேக்காம எழுதிட்டான், மடப்பய."

தோட்டத்தைப் பார்த்தேன். விசித்திரமான தோட்டம். மனை முழுக்க வெறும் தரை. ஒரு ஜன்னலுக்கு நேரே மட்டும், அந்த ஜன்னல் அகலத்துக்கு, ஒரு பட்டையாகச் செடிகள். முன்னால் குட்டை, பின்னால் அவரைக்கொடி, கடைசியில் சூரியகாந்தி. எல்லாப் பூவும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ ஆசைப்பட்டு நட்டது போல. அதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

கடைசி டிரம்மிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே போனது.

"இது எங்கண்ணே போகுது?"

"பாத்ரூமுக்கு."

"அதைப் பார்க்கணும்."

மழைத் தண்ணீர்க் குழாயைக் குடிநீர்க் குழாயோடு எங்கேயாவது சேர்த்திருந்தால் அது பெரிய குற்றம். அழுத்தம் குறையும்போது அந்தத் தண்ணீர் பின்னோக்கி ஏறித் தெருவுக்கே போய்விடும். வெளியே நின்று சொல்ல முடியாது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"உள்ள வேணாம் தம்பி. வீடு அலங்கோலமாக் கெடக்கு."

முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார்.

"எனக்கென்னண்ணே, என் ரூமைப் பார்த்தா நீங்க மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க."

"வேணாம்ப்பா."

"அனுமதி மறுத்தார்னு எழுத வேண்டி வரும். அப்படி எழுதினா உங்களை நிறுத்தி வச்சுடுவாங்க. விசாரணை, அது இதுன்னு போகும். ஏழு மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

"எழுதிக்கங்க" என்றார். கோபமில்லை. மூடியை இறக்குகிற மாதிரி சத்தமில்லாமல் சொன்னார். "முப்பத்தொரு வருஷம் நான் எழுதினேன். ஒரு தடவ நீங்க எழுதுங்க."

நான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம். டொக். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு.

அவர் அசையாமல் நின்றார். மறுபடியும் டொக். ஒன்றே ஒன்று.

"ஒரு தட்டுன்னா சரின்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா வேண்டாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. நாங்கள் பேசியது அத்தனையும் உள்ளே கேட்டிருக்கிறது. "உங்கள உள்ள வரச் சொல்றா."

முன்னறை, நடு அறை, அதைத் தாண்டித்தான் குளியலறை. நடு அறையில் கட்டில். கட்டிலில் ஒரு போர்வை, தலைவரைக்கும். போர்வைக்கு வெளியே தெரிந்தது நரைத்த பின்னல் ஒன்றும், போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த இடது கையும்தான். பின்னல் அன்று காலை பின்னியது. பழகாத கை பின்னியது. தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, மின்விசிறிக்கு அடியில் துணிகள் காய்ந்தன. வெளியே காயப்போட்டால் தெரு எண்ணிவிடும் அல்லவா. கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னலில் அந்தப் பட்டைத் தோட்டம் மட்டும், ஓரம் பிசகாமல், ஒரு படம் மாட்டினதுபோல் தெரிந்தது.

குளியலறையில் எல்லாம் விதிப்படி இருந்தது. விதியைவிடச் சுத்தமாக இருந்தது. வெள்ளைக் குழாயின் முனை வாளிக்கு இரண்டு சாண் மேலே அந்தரத்தில் நின்றது, எதையும் தொடவில்லை. ஃப்ளஷ் தொட்டிக்கு வரும் குடிநீர்க் குழாயை வெட்டி, முனையில் மூடி போட்டு அடைத்திருந்தார். நான் அதைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

திரும்பி வரும்போது கட்டிலைப் பார்க்காமல் நடந்தேன். கேட் வரை வந்தார்.

"எம் மகளுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்ப நாலாவது நீங்க."

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

"சத்தியமெல்லாம் எதுக்கு தம்பி. ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

அன்று மாலையே உட்கார்ந்து இரண்டு பக்கம். முறைகேடு இல்லை என்பதை ஒருவரும் மறுபடி கிளறாதபடி நிறுவிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மழைநீர் சேகரிக்கும் முறை, டிரம்களின் கொள்ளளவு, குழாய் முனைக்கும் வாளிக்கும் உள்ள இடைவெளி, எல்லாம் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். படிவத்தில் 'வசிப்போர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஒருவர்' என்றிருப்பது தவறு. தவறைத் தெரிந்தே விடுவதற்கா நான் படித்தேன்? 'இருவர்' என்று திருத்தினேன். அத்தோடு அவருக்கு ஒரு நன்மையும் செய்துவிட நினைத்தேன். நோயாளி உள்ள வீட்டுக்குக் கூடுதல் தண்ணீர் தர விதி இருந்தது. அதைக் கேட்கவே தெரியாத மனிதர் என்று இரக்கப்பட்டு எழுதினேன்: 'அவரது மனைவி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுப் பேசவோ எழவோ இயலாத நிலையில் இரண்டரை ஆண்டுகளாக அவ்வீட்டிலேயே படுக்கையில் உள்ளார். எனவே கூடுதல் ஒதுக்கீட்டுக்குப் பரிந்துரைக்கிறேன்.'

கண்ணாடி சார் தேடி எடுத்த கண்ணாடியோடு முதல் பத்தியைப் படித்தார், கடைசி வரியைப் பார்த்தார், ஒப்புதல் போட்டார். "ரெண்டு வரி கேட்டேன், புராணம் பாடியிருக்க" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஊருக்கு போன் போட்டு அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். "ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரியே இருக்குப்பா. பாவம் அந்தம்மா" என்றாள்.

அறிக்கையின் அடியில் வழக்கம்போல இரண்டு வரி இருந்தது. நகல்: ஒன்று, கோப்புக்கு. இரண்டு, புகார்தாரருக்கு.

அதை நான் யோசித்து எழுதவில்லை. யோசிக்காமல் எழுதினேன். புகார்மீது எடுத்த நடவடிக்கையைப் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பயிற்சியில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது. கை தானாகப் போய் எழுதியது. உறையின் மேல் சலூன் முகவரியையும் நானே எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

மீதியைச் சலூன்காரர் சொல்லித்தான் கேட்டேன். நாலாம் நாள் தபால் வந்தது. கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள், ஒருவர் நாற்காலியில் பாதிச் சவரத்தில். "வந்துடுச்சு பாரு தீர்ப்பு. என்ன கிழிச்சிருக்கானுங்கன்னு கேளுங்க" என்று உறையைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கிறபடி சத்தமாகப் படித்திருக்கிறார். டிரம், கொள்ளளவு, இடைவெளி. அப்புறம் 'அவரது மனைவி' என்ற இடம். நிறுத்த வேண்டும் என்று தோன்றுவதற்குள் வாய் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டது.

நாற்காலியில் இருந்தவர் முகத்து நுரையோடு எழுந்து, "மைக்கக்காவா? இங்கயா இருக்காங்க?" என்றார்.

அந்தத் தெருவில் ஒரு கெட்டவன் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் நல்லவர்கள். கடையைப் பூட்டிவிட்டுச் சலூன்காரர் ஒரு பை ஆப்பிளோடு போய் மூடிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பின்னாலேயே தெரு வந்தது. வருகிறவர்களை வாசலில் நிறுத்த மூடிக்காரருக்குத் தெரியவில்லை. அடுத்தவர் வாசலில் நின்றே பழகியவர்.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"நம்ம மைக்கக்காவா இது! அய்யோ, எப்படி இருந்த முகம்!"

"அழாதடி, அவங்க முன்னாடியா அழுவாங்க? வெளிய போய் அழு."

"வாய்ப் பயிற்சி கொடுத்தா சரியாயிடும்னு எங்க மாமாவோட சகலைக்குச் சொன்னாங்க."

நான் ஐந்தாம் நாள் விஷயம் கேள்விப்பட்டுப் போனேன். கேட்டுக்குள் முப்பதுக்கு மேல் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம். நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் யாராவது ஒருத்தி பாசத்தோடு விலக்கிவிடுவாளாம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பஸ் நிலையத்தில் கடலை விற்ற பெண் வந்து கட்டிலில் உட்கார்ந்து அந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ சொல்லுங்கக்கா. கேட்டு எத்தனை நாளாச்சு. கனிவான கவனத்திற்கு. நீங்க சொல்லுவீங்க, எனக்குத் தெரியும்" என்று கெஞ்சியிருக்கிறாள். மைக்கக்கா கணவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. வந்த சத்தத்தைக் கேட்டு, ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டது. குழந்தைதானே. அம்மாக்காரி அதை அடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவர் போர்வையை விடவில்லை. பால் வேண்டுமா என்றால் இரண்டு தட்டு. மருந்து என்றால் இரண்டு தட்டு. ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் இரண்டு தட்டு. பிறகு ஸ்பூனையும் கீழே போட்டுவிட்டார். தபால் வந்த நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார்.

சலூன்காரர் ஒருநாள் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, நான் தண்ணியப் பத்தித்தான் எழுதினேன். நீங்க ஏன் தம்பி மனுஷங்களப் பத்தி எழுதினீங்க?"

எனக்கு விதி எண் ஞாபகத்துக்கு வந்தது.

மூடிக்காரர் பதினாறு நாள் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தார். வந்த அன்றே என்னிடம் ஒரு படிவம் நீட்டினார். வசிப்போர் எண்ணிக்கை மாற்றம். பழைய எண்ணிக்கை: இருவர். புதிய எண்ணிக்கை: ஒருவர். எழுத்துகள் தெளிவாக இருந்தன. காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். அன்று காலைதான் அவர் வீட்டுக்கான கூடுதல் ஒதுக்கீட்டு ஆணை மேலிடத்திலிருந்து வந்து என் மேஜைக் கோப்புத் தட்டில் கிடந்தது. அதன்மேல் ஒரு கோப்பை எடுத்து வைத்தேன்.

"அண்ணே" என்று ஆரம்பித்தேன்.

"இதுக்கும் நகல் யாருக்காவது போகுமா சார்?"

"போகாதுண்ணே."

"சரி சார்" என்று கொக்கியை எடுத்துக்கொண்டு சுற்றுக்குக் கிளம்பினார். மறுபடியும் நான் சார் ஆகிவிட்டேன்.

அந்தப் புகாருக்கு அப்புறம், ஊழியர் வீட்டு மீட்டரை இன்னொருவர்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு நான் போனேன். முந்தின நாள் நல்ல மழை. ஒன்பது டிரம்மும் நிறைந்து, வாய் வழியாக வழிந்து, சந்து முழுக்க ஓடி, வாசல் வரைக்கும் வந்திருந்தது. யாரும் அடைப்பை எடுத்து விடவில்லை. சூரியகாந்தி அந்த மழைக்கு முன்பே காய்ந்து, தலை கவிழ்ந்து நின்றது. பக்கத்து டிரம்களில் தண்ணீர் இருந்தும் ஊற்ற ஆளில்லை.

அவர் கொக்கியைக் கொடுத்தார். மூடியைத் தூக்கினேன். எனக்குப் பழக்கமில்லாததால் சத்தம் பெரிதாகக் கேட்டது. முட்டியை ஊன்றி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, எண்ணை எழுதி, போன மாத எண்ணைக் கழித்தேன். இன்னொரு தடவை கழித்தேன்.

"எவ்வளவு சார்?"

சொன்னேன்.

"போன வருஷமும் இதேதானே வந்துக்கிட்டிருந்தது?"

"ஆமாண்ணே. இதேதான்."

"குறையவே இல்லையா?"

"இல்லண்ணே."

எப்படிக் குறையும். அந்த ஒரு ஆள் தண்ணீர் இதுவரைக்கும் மைக்கக்காவுக்குப் போனது. இப்போது அவருக்குப் போகிறது. அவர் ஆபீஸ் குழாயில் குளிப்பதை விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நூற்றிருபது வீட்டிலும் ஆள் குறைந்தால் சொல்லிவிடுகிற மீட்டர், அவர் வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் என் கையிலிருந்து கொக்கியை வாங்கிக்கொண்டார். குனிந்து மூடியை இறக்கினார். சத்தமே வரவில்லை.